பாக்கெட் கேமராவா, ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸா: எதை வாங்குவது?

கேள்வி: செல்ஃபோன் படங்கள் போதவில்லை. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை, வருடத்துக்கு ஒன்றிரண்டு பயணம், நேரம் கிடைத்தால் தெருப் படங்கள். பாக்கெட்டில் அடங்கும் கேமரா வாங்கலாமா, ஒரேயடியாக ஃபுல் ஃப்ரேமுக்கே போய்விடலாமா?

பதில்:

பாடியை (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) அப்புறம் பாருங்கள், முதலில் லென்ஸை முடிவு செய்யுங்கள். ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் என்பது பெரிய சென்சாரும் (படம் பதியும் சில்லு) கழற்றி மாற்றும் லென்ஸும் உள்ள கேமரா. ஃபுல் ஃப்ரேம் வாங்கி, கூடவே வரும் கிட் ஜூமை மட்டும் மாட்டிக்கொண்டு காலம் தள்ளுவதாக இருந்தால், கொடுத்த பணத்தில் பாதிக்குப் பலன் இல்லை. எஃப் 1.8 அல்லது எஃப் 2 பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது; எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம்) ஒன்றாவது வாங்குவதாக இருந்தால்தான் பெரிய சென்சாருக்கு அர்த்தம்.

கணக்கு இதுதான். லென்ஸின் குவியதூரத்தை (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்) எஃப் எண்ணால் வகுத்தால், வெளிச்சம் நுழையும் வாயின் விட்டம் கிடைக்கும். ரிக்கோ ஜிஆர் 3எக்ஸ் என்ற பாக்கெட் கேமராவில் இருப்பது 26.1 மி.மீ., எஃப் 2.8 லென்ஸ், ஃபுல் ஃப்ரேமில் 40 மி.மீ. லென்ஸ் காட்டும் கோணம். வாய் 9.3 மி.மீ. அதே கோணத்தில் ஃபுல் ஃப்ரேம் கிட் ஜூமைத் தாராளமாக எஃப் 4 என்றே வைத்தாலும் 10 மி.மீ.தான். சோனியின் 28-60 கிட் லென்ஸ் எஃப் 4-இல் தொடங்கி 60 மி.மீ.யில் எஃப் 5.6-க்குப் போய்விடும், அதனால் 40-இல் அந்த 10 கூடக் கிடைக்காது. ஆக, 262 கிராம் ரிக்கோவும் அதைப் போல் இரண்டரை மடங்கு எடையுள்ள செட்டும் ஒரே காட்சியிலிருந்து ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தைத்தான் எடுக்கின்றன. ஃபுல் ஃப்ரேமில் நிக்கான் இசட் 40 மி.மீ. எஃப் 2 லென்ஸை மாட்டினால் வாய் 20 மி.மீ. பரப்பில் நாலரை மடங்கு, அதாவது இரண்டு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) மேல் லாபம். அந்த லென்ஸ் வெறும் 170 கிராம்தான்.

பாக்கெட் கேமரா என்ற பெயரில் இரண்டு வேறு சாதிகள் இருக்கின்றன, குழப்பிக்கொள்ள வேண்டாம். ரிக்கோ ஜிஆர் 3, 3எக்ஸ் இரண்டிலும் ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சார், ஜூம் கிடையாது. சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-இல் ஒரு இன்ச் சென்சார், 24-200 ஜூம், மேலே எழும் வ்யூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் சிறு ஜன்னல்), குட்டி ஃப்ளாஷ். பரப்பளவில் ஃபுல் ஃப்ரேம் 864 சதுர மி.மீ., ஏபிஎஸ்-சி சுமார் 366, ஒரு இன்ச் வெறும் 116. ("ஒரு இன்ச்" என்பது பழைய வீடியோ ட்யூப் காலத்துப் பெயர். சென்சாரின் எந்தப் பக்கமும் ஒரு இன்ச் கிடையாது, 13.2 x 8.8 மி.மீ.தான்.)

உங்கள் மூன்று வயதுக் குழந்தையை வைத்தே பார்ப்போம். சாயங்காலம், ஹாலில் ஒரே ஒரு எல்ஈடி ட்யூப் எரிகிறது, குழந்தை ஓடுகிறது. அசைவு உறைய ஷட்டர் குறைந்தது 1/250 நொடி வேண்டும். எஃப் 2.8-இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) 6400 சுமாருக்கு வந்துவிடும். ஏபிஎஸ்-சியில் 6400 என்றால் நாய்ஸ் (படத்தில் விழும் புள்ளிப்புள்ளியான பிசிறு) தெரியும், ஆனால் 6 x 8 பிரிண்ட் போடத் தாராளமாகப் போதும். ஒரு இன்ச்சில் அதே 6400-இன் நாய்ஸ், ஃபுல் ஃப்ரேமில் 47,000-க்குப் பக்கத்தில் எடுத்தது போல இருக்கும். முகத்தின் தோல் மெழுகு மாதிரி ஆகிவிடும். அங்கேயே 200 மி.மீ.க்கு ஜூம் செய்தால் லென்ஸ் எஃப் 4.5-க்கு இறங்கும், ஐஎஸ்ஓ 16,000 கேட்கும்; ஆர்எக்ஸ்100 மார்க் 7-இன் உச்சம் 12,800. கேமரா ஷட்டரைக் குறைக்கும், கை கால் எல்லாம் கலங்கிப் போகும். ஃபுல் ஃப்ரேமில் 50 மி.மீ. எஃப் 1.8 போட்டால் ஐஎஸ்ஓ 2500 போதும். இந்த ஒரு வேலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

ஆனால் இதில் ஒரு பிடி இருக்கிறது. ஒன்றரை மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. எஃப் 1.8-இன் ஃபோகஸ் ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாக விழும் அளவு) சுமார் 10 செ.மீ. குழந்தை தனியாக இருந்தால் அழகு. பாட்டி மடியில் உட்கார்ந்திருந்தால் ஒருவர் முகம்தான் தெளிவாக இருக்கும். இருவரும் தெளிவாக வர எஃப் 5.6-க்கு இறக்க வேண்டும், அத்தோடு ஐஎஸ்ஓ ஏறிவிடும், வாங்கிய லாபமும் போய்விடும். குரூப் படமே அதிகம் எடுக்கும் வீட்டில் பெரிய சென்சார் கொடுப்பதை ஆழத்துக்காகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

ஃபோகஸ் விஷயத்தில் ஜிஆர் பலவீனம்தான். மங்கிய வெளிச்சத்தில் முன்னும் பின்னும் தேடும், ஓடும் குழந்தையைத் தொடர்வதெல்லாம் அதற்கு வராது. சோனி ஏ7சி 2, கேனான் ஆர்8 போன்ற ஃபுல் ஃப்ரேம் கேமராக்கள் கண்ணைப் பிடித்தால் விடாது. ஆர்எக்ஸ்100 மார்க் 7-உம் ஃபோகஸில் கெட்டிக்காரன். ஜிஆரில் இதற்கு மாற்று வழி ஸ்னாப் ஃபோகஸ்: மெனுவில் ஃபுல் ப்ரெஸ் ஸ்னாப்பை ஆன் செய்து, தூரத்தை 2 மீட்டர் என்று வைத்து, எஃப் 5.6-இல் நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டனைப் பாதியில் நிறுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்தினால் தேடாமல் உடனே எடுக்கும். 28 மி.மீ. கோணமுள்ள ஜிஆர் 3-இல் 1.2 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரை தெளிவு. 3எக்ஸில் அதே செட்டிங்கில் 1.5 முதல் 3 மீட்டர் வரைதான். தெருப் படத்துக்கு ஜிஆர் 3-ஐயே நான் சொல்வது இதற்காகத்தான். ஆனால் இது பகல் வித்தை, ட்யூப் லைட் வெளிச்சத்தில் எஃப் 5.6 கட்டுப்படியாகாது.

சின்ன கேமரா ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஜிஆரிலும் ஆர்எக்ஸ்100-இலும் லீஃப் ஷட்டர் (இதழ் போல் திறந்து மூடும் ஷட்டர்) லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. உச்சி வெயிலில் முகம் கருத்துப்போகும் படத்துக்கு ஃப்ளாஷ் போட வேண்டும் என்றால், சாதாரண ஃபுல் ஃப்ரேமில் 1/250 சுமாரோடு சிங்க் (ஃப்ளாஷும் ஷட்டரும் ஒத்து வேலை செய்வது) நின்றுவிடும். அதற்கு மேல் போக ஹை ஸ்பீட் சிங்க் உள்ள ஃப்ளாஷ் வேண்டும், அதில் ஃப்ளாஷின் வலுவும் குறையும். லீஃப் ஷட்டரில் 1/1000-இலும் குட்டி ஃப்ளாஷ் முழு வலுவோடு வேலை செய்யும். ஜிஆரில் ஃப்ளாஷ் கிடையாது, ஹாட் ஷூவில் (கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் இடம்) ஒன்று செருக வேண்டும். வ்யூஃபைண்டரும் இல்லை, மதிய வெயிலில் ஸ்கிரீனில் என்ன தெரிகிறது என்று ஊகித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதன் வீடியோ 1080-ஓடு சரி. குழந்தையின் வீடியோ முக்கியம் என்றால் ஜிஆர் வேண்டவே வேண்டாம்.

இனி எது கெட்டுப்போகும் என்பதைப் பார்ப்போம். உள்ளே போய் வரும் லென்ஸ் உள்ள கேமராக்களின் எமன் பாக்கெட்டில் இருக்கும் பஞ்சுத் தூசி. லென்ஸ் நீளும்போது காற்றை இழுக்கிறது, அதோடு தூசியும் போய் சென்சாரில் உட்காருகிறது. ஃபுல் ஃப்ரேமில் தூசி விழுந்தால் லென்ஸைக் கழற்றி, பாடியைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ப்ளோயரால் நாலு ஊது ஊதினால் பெரும்பாலும் போய்விடும், போகாவிட்டால் 24 மி.மீ. ஸ்வாப் (சென்சார் துடைக்கும் பட்டைக் குச்சி). ஜிஆரில் கை விட வழியே இல்லை, சர்வீஸில் கொடுத்துப் பிரிக்க வேண்டும். அதனால் பாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பி உதறிவிட்டு, மெல்லிய துணிப் பையில் போட்டு வையுங்கள். சட்டைப் பையில் வேண்டாம், குனிந்தால் விழும். 33 மி.மீ. தடிமனுள்ள ஜிஆர் 3 பேன்ட் பாக்கெட்டில் தாராளமாக அடங்கும். 43 மி.மீ. ஆர்எக்ஸ்100 துருத்திக்கொண்டு நிற்கும். ஃபூஜி எக்ஸ்100 சிக்ஸையும் பாக்கெட் கேமரா என்று சிலர் சொல்கிறார்கள். 521 கிராம், 55 மி.மீ. தடிமன், அது எந்த பாக்கெட் என்று எனக்குப் புரியவில்லை.

கடற்கரை ஊராக இருந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், இது இரண்டுக்கும் பொது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் வைத்திருங்கள். தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டி வைப்பதுதான் பூஞ்சைக்கு விருந்து. பேட்டரியில் ஜிஆர் 3 சுமார் 200 படம், ஃபுல் ஃப்ரேமான சோனி ஏ7 4 ஸ்கிரீன் வழியாக எடுத்தால் 580 படம் என்பது கம்பெனிக் கணக்கு. ஜிஆருக்கு இரண்டு பேட்டரி உபரியாக வேண்டும். யுஎஸ்பி-சி வழியாக பவர் பேங்கிலிருந்து சார்ஜ் ஏற்றலாம் என்பது ஆறுதல்.

எடையைச் சும்மா ஒரு எண்ணாகப் பார்க்காதீர்கள். ஏ7 4-உம் 24-70 எஃப் 2.8 ஜிஎம் 2 லென்ஸும் சேர்ந்து 1,353 கிராம். இதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு கையில் குழந்தையையும் பிடித்துக்கொண்டு மலைக்கோட்டை ஏற முடியாது, அது ஹோட்டல் அறையில்தான் இருக்கும். கேனான் ஆர்8-உம் 50 மி.மீ. எஃப் 1.8-உம் சேர்ந்து 621 கிராம். தோள்பையில் போட்டால் உறுத்தாது. ஆனால் ஆர்8 பாடியில் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி) கிடையாது, அந்த 50-லும் இல்லை. ஓடும் குழந்தைக்கு அது தேவைப்படாது, அசையாத கோபுரத்தை இரவில் கையில் பிடித்து எடுக்கத்தான் இடிக்கும்.

உங்கள் கேள்விக்கு என் முடிவு: குழந்தைதான் முதல் வேலை என்பதால், சின்ன ஃபுல் ஃப்ரேம் பாடியும் ஒரே ஒரு எஃப் 1.8 அல்லது எஃப் 2 பிரைமும். ஜூம் வேண்டாம், குறைந்தது ஒரு வருடத்துக்கு. பயணத்துக்கு ஃபோன் இருக்கிறது. குழந்தை இல்லாமல் பயணமும் தெருவும் மட்டும் என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் ஜிஆர் 3 என்றிருப்பேன். ஆர்எக்ஸ்100-ஐ, பகலில் ஜூம் கட்டாயம் தேவை என்பவருக்கு மட்டுமே சொல்வேன். ஜூம் வேண்டாம் என்றால் நல்ல ஃபோனுக்கும் அதற்கும் இடைவெளி குறைந்துவிட்டது.

செகண்ட் ஹேண்ட் எடுப்பதாக இருந்தால் கடையிலேயே இதைச் செய்யுங்கள். வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல், ஜிஆரில் எஃப் 16-இலும் ஆர்எக்ஸ்100-இல் எஃப் 11-இலும் எடுத்து, ஸ்கிரீனில் பெரிதாக்கி மூலை மூலையாக நகர்த்திப் பாருங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் இருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது. பிறகு பத்து முறை ஆன், ஆஃப். லென்ஸ் தயங்கினாலோ, பல்சக்கரம் உரசும் சத்தம் கேட்டாலோ விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஃபுல் ஃப்ரேம் என்றால் மவுன்ட்டின் (லென்ஸ் மாட்டும் இடம்) உலோக வளையத்தையும் ஹாட் ஷூவையும் பாருங்கள், கல்யாண வேலைக்கு உழைத்த பாடியில் அங்கேதான் தேய்மானம் தெரியும்.