நாடகப் பள்ளிக்குப் போக விரும்பும் மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பள்ளி இறுதிப் படிப்பான ஏ லெவலில் உயிரியலும் வேதியியலும் ஆங்கில இலக்கியமும் படிக்கும் உங்கள் மகள், மருத்துவத்துக்குப் பதிலாக நாடகப் பள்ளிக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்ன நாளிலிருந்து உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் சரியான தூக்கம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் மருத்துவப் படிப்பை முடிக்கட்டும், அதன்பின் விருப்பம்போல் நடிக்கட்டும் என்பது உங்கள் யோசனை. அதை நான் ஆமோதிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். லண்டனில் குடும்ப மருத்துவராக இருக்கும் உங்களுக்கு அந்தப் பாதையின் நெளிவுசுளிவெல்லாம் தெரியும் என்பதால்தான் இந்த யோசனை வந்திருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் என்னால் ஆமோதிக்க இயலவில்லை.

உங்கள் மகள், நடிகை சிமோன் ஆஷ்லியைச் சுட்டிக்காட்டுவதாகச் சொல்கிறீர்கள். தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த அவர், முப்பது வயதாகும் முன்பே, 2022இல், 'பிரிட்ஜர்டன்' தொடரின் இரண்டாம் பருவத்தில் கதாநாயகியானார். உங்கள் மகளுக்கு அவரைப் பார்க்கையில் நம்பிக்கை பிறப்பது இயல்பே. ஆயினும் முடிவெடுப்பதற்கு முன் நீங்கள் மூவரும் சேர்ந்து உற்று நோக்க வேண்டிய வாழ்க்கை வேறொருவருடையது என்று கருதுகிறேன். அவர் ஆங்கிலேய நடிகர் நைஜல் ஹாதோர்ன். 'யெஸ் மினிஸ்டர்' என்ற நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரில் சர் ஹம்ஃப்ரி என்ற அரசுச் செயலராக அவர் நடித்ததை நீங்கள் பார்த்திருக்கக்கூடும்.

அவரும் ஒரு மருத்துவரின் பிள்ளை. 1929இல் கவென்ட்ரியில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குப் போனார். அங்கே பல்கலைக்கழகத்தில் மாணவர் நாடகங்களில் நடித்து, 1950இல் தொழில்முறை மேடையேறி, அடுத்த ஆண்டே லண்டனுக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 22. லண்டன் அவரைக் கண்டுகொள்ளவில்லை. சிறிய வேடங்கள், அவற்றுக்கிடையே வேலையே இல்லாத மாதங்கள் என்று சில ஆண்டுகளைக் கழித்தபின், 1957இல் தென்னாப்பிரிக்காவுக்கே திரும்பிப் போய் அங்கே நடித்தார். பிறகு 1960களின் தொடக்கத்தில் மறுபடியும் லண்டனுக்கு வந்து, இயக்குநர் ஜோன் லிட்டில்வுட்டின் நாடகக் குழுவிலும் ராயல் கோர்ட் அரங்கிலும் பணியாற்றினார். 'யெஸ் மினிஸ்டர்' முதன்முதலாக ஒளிபரப்பானது 1980 பிப்ரவரியில். அப்போது அவருக்கு ஐம்பது வயது. லண்டனில் முதன்முறை இறங்கியதற்கும் நாடு அவர் முகத்தை அறிந்ததற்கும் இடையே ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள் ஓடியிருந்தன.

இந்த இருபத்தொன்பது ஆண்டுகளை உங்களை அச்சுறுத்துவதற்காக நான் எடுத்துச் சொல்லவில்லை. ஒரு நடிகர் தொழிலைக் கற்றுக்கொள்வது எங்கே என்பதை அவை காட்டுகின்றன. ஒரே வாக்கியத்தில் அரை நிமிடத்துக்கும் மேலாகச் சுற்றிவளைத்துப் பேசி அமைச்சரைக் குழப்பும் அந்த நீண்ட வசனங்களை, படப்பிடிப்பு அரங்கில் அமர்ந்திருந்த பார்வையாளர்களின் முன்னிலையில், மூச்சும் பொருளும் சிதையாமல் அவர் சொல்ல முடிந்ததென்றால், யாரும் கவனிக்காத மேடைகளில் அவர் உழைத்த காலம்தான் அதற்கு மூலதனம். அந்த வேடத்துக்காக பிரிட்டனின் பாஃப்டா திரை விருதுகள் நான்கு பெற்றார். 1991இல் நியூயார்க்கில் டோனி நாடக விருது கிடைத்தது. அதே ஆண்டு நேஷனல் தியேட்டரில் மூன்றாம் ஜார்ஜ் மன்னராக நடித்து, அடுத்த ஆண்டு லண்டன் நாடக உலகின் ஒலிவியே விருது பெற்றார். எழுபது வயதில் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னராக மேடையேறினார். உங்கள் மகளிடம் திறமை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினேழு வயதில் அதை நானோ நீங்களோ அளந்துவிட முடியாது. பெயர் வெளியே தெரியாத ஆண்டுகளிலும் இந்த வேலையையே செய்ய விரும்புவாயா என்று அவளிடம் கேளுங்கள். பதிலை உடனே எதிர்பார்க்காமல், ஒரு மாதம் கழித்துக் கேட்டுப் பெறுங்கள்.

இனி உங்கள் யோசனைக்கு வருகிறேன். மருத்துவப் படிப்பு ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள், அதன்பின் அடிப்படைப் பயிற்சி இரண்டு ஆண்டுகள். அதற்குள் இருபத்தைந்து, இருபத்தாறு வயதாகிவிடும். வயது ஒரு தடையே இல்லை. பின்னாளில் புகழ்பெற்ற நடிகர் ஆலன் ரிக்மன் வரைகலை வடிவமைப்பாளராகத் தொழில் நடத்திவிட்டு, 26 வயதில்தான் ராடா என்ற லண்டன் நாடகப் பள்ளிக்கு விண்ணப்பித்தார்; படிப்புச் செலவுக்காக மேடை நடிகர்களுக்கு உடை உடுத்திவிடும் வேலையும் செய்தார். அவர் உதவிய நடிகர்களுள் நம் ஹாதோர்னும் ஒருவர். தடையாக நிற்பது பணம். இங்கிலாந்தில் ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர் அதே நிலையில் இரண்டாவது பட்டம் படிக்க, பொதுவாக அரசின் கல்விக் கட்டணக் கடன் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு ஒன்பதாயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட கட்டணத்தை அப்போது நீங்களே கட்ட நேரும். மாறாக, வேறொரு பட்டம் பெற்றவர்களைச் சேர்த்துக்கொள்ளும் நான்காண்டு மருத்துவப் படிப்புகள் சில பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. அவற்றில் சில, எந்தத் துறைப் பட்டமானாலும் ஏற்கின்றன. அவற்றுக்கு அரசு உதவியும் உண்டு. நடிப்பிலிருந்து மருத்துவத்துக்குத் திரும்பும் வாசல், மருத்துவத்திலிருந்து நடிப்புக்குப் போகும் வாசலைவிட அகலமானது. விதிகள் மாறிக்கொண்டிருப்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டில் அவற்றை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டே இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டிய கட்டாயமும் இல்லை. மருத்துவத்துக்கு, பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் வழியாக அக்டோபர் 15க்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஐந்து தெரிவுகளில் நான்கைத்தான் மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம். ராடா போன்ற பள்ளிகளுக்கு நேரடியாக விண்ணப்பிப்பதால் அந்த ஐந்தில் ஒன்றும் குறையாது. ஆனால் ராடாவின் மூன்றாண்டு நடிப்புப் பட்டப்படிப்பில் ஆண்டுக்கு 28 பேருக்குத்தான் இடம். விண்ணப்பிப்பவர்களோ ஆயிரக்கணக்கானோர். முதல் ஆண்டில் இடம் கிடைக்காமல், இரண்டாம் மூன்றாம் முறை முயன்று சேர்ந்தவர்கள் பலர். முதல் ஆடிஷனில் தவறிவிட்டால், "பார்த்தாயா" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு சொல்லால் வீட்டில் பேச்சே நின்றுபோன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வருமானத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கே நடிகர்கள் பெரும்பாலும் சுயதொழில் செய்பவர்களாகவே வரி கட்டுகிறார்கள். கிடைக்கும் ஊதியத்தில் ஏஜென்ட்டுக்குப் பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரை போய்விடும். வேலையில்லாத காலத்தை 'ஓய்வில் இருக்கிறேன்' என்று சொல்வது அவர்கள் வழக்கம். அந்த ஓய்வு பல மாதங்கள் நீளலாம். ஆகவே ஆடிஷனுக்கு அழைப்பு வந்தவுடன் விட்டுவிட்டுப் போகக்கூடிய ஒரு துணைத்தொழில் அவளுக்கு வேண்டும். உயிரியலும் வேதியியலும் நன்றாகப் படித்த பெண்ணுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை இந்த ஊரில் எளிதில் கிடைக்கும். ஏ லெவலை முழு மூச்சோடு முடிக்கும்படி நீங்கள் அவளை வற்புறுத்துவதற்கு இது நியாயமான காரணம், அவளும் ஏற்றுக்கொள்வாள்.

அதற்கிடையே 1956இல் தொடங்கி இன்றுவரை இயங்கும் நேஷனல் யூத் தியேட்டர் என்ற இளையோர் நாடக அமைப்பின் ஆடிஷனுக்கு அவளை அனுப்புங்கள். ஒருநாள் மாலை நேஷனல் தியேட்டருக்கு மூவரும் சேர்ந்து போய் ஒரு நாடகம் பாருங்கள். வீடு திரும்பும் வழியில், நாயகனைப் பற்றிப் பேசாமல், இரண்டே காட்சிகளில் வந்து போன நடிகர் எப்படிச் செய்தார் என்று அவளிடம் கேளுங்கள். அவள் சொல்வதை எனக்கு எழுதினால், அடுத்த சந்திப்பில் நாம் அங்கிருந்து பேச்சைத் தொடரலாம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்