குளச்சல் கணக்கெடுப்பில் வருமானம் பூஜ்யமாக வருவது ஏன்?
குளச்சலில் ஜூலை மாதம் 60 வீடுகளில் வருமானம் கேட்டதில் பாதிக்குப் பூஜ்யம் என்கிறீர்கள். வரத்தான் செய்யும். குளச்சல் இருக்கும் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கிழக்குக் கரையிலுள்ள சின்னமுட்டத்திலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை.

வருமானத்தை விடுங்கள், செலவைக் கேளுங்கள். மீன், காய்கறி, எண்ணெய்க்குக் கடந்த 7 நாள். அரிசி, பருப்பு, கேஸ், வாடகைக்கு 30 நாள். துணி, படிப்பு, ஆஸ்பத்திரியில் படுத்த செலவுக்கு 365 நாள். எல்லாவற்றையும் 30 நாளுக்கு மாற்றி ஆள் எண்ணிக்கையால் வகுக்கணும். வலையிலிருந்து குழம்புக்கு எடுத்த மீனையும் கரை ஏல விலையில் சேருங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். வளைகுடாவில் இருப்பவரை ஆள் கணக்கில் சேர்த்தால் தலைச்செலவு பொய்யாகக் குறையும்.

வாழ்க்கை எந்தப் படியில் இருக்கிறது என்று கேட்கும், மனநிறைவுக்கான 0–10 ஏணிக் கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுங்கள். கடன் பேச்சுக்குப் பிறகு கேட்டால் மதிப்பெண் சரியும்.