ரைட் செனட்டரா, நீதிபதியா?

வாசகர் கேள்வி: ஜொனாதன் ஜாஸ்பர் ரைட் பற்றித் தமிழில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறேன். ஓரிடத்தில் செனட்டர் என்கிறார்கள், இன்னோரிடத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதி என்கிறார்கள். 1870இல் இரண்டு முறை தேர்வானதாகவும் வருகிறது. எது சரி?

பதில்: மூன்றும் சரிதான். ஆனால் "செனட்டர்" என்று மட்டும் எழுதினால் வாஷிங்டனில் உள்ள மத்திய மேலவை என்றே படிப்பவர் நினைப்பார். 1868இல் ரைட் போனது தென் கரோலினா மாநில மேலவைக்கு, பியூஃபோர்ட் தொகுதியிலிருந்து. நீதிமன்றமும் அப்படியே: மறக்காமல் "மாநில உச்ச நீதிமன்றம்" என்று எழுதுங்கள். அமெரிக்காவில் அத்தகைய பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்.

மாநிலத்தின் 1868 அரசமைப்பின்படி அன்று அங்கே நீதிபதிகளை ஆளுநர் நியமிக்கவில்லை. சட்டமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து வாக்களித்து ஆறாண்டுக்குத் தேர்ந்தெடுத்தன. நீதிபதி சாலமன் ஹோக், வாஷிங்டனில் உள்ள மத்திய கீழவைக்குப் போனதால் இடம் காலியானது. அந்த மிச்சக் காலத்துக்கு ரைட் 1870 பிப்ரவரியில் தேர்வானார். முழுப் பதவிக்காலத்துக்கு அதே ஆண்டு டிசம்பரில். அவர் பதவிப் பெயரான Associate Justice என்பதைத் "துணை நீதிபதி" என்று பெயர்த்துவிடாதீர்கள். மூன்று பேர் கொண்ட அமர்வில் அவருக்கும் தலைமை நீதிபதிக்கும் வாக்கு ஒன்றேதான்.

கவனமாக எழுத வேண்டியது 1877. முந்தைய ஆண்டுத் தேர்தலுக்குப் பின் ஜனநாயகக் கட்சியின் ஹாம்ப்டன், ரைட் சார்ந்த குடியரசுக் கட்சியின் சேம்பர்லைன் இருவருமே தாமே ஆளுநர் என்றார்கள். டில்டா நாரிஸ் என்ற கைதிக்கு ஹாம்ப்டன் மன்னிப்பு அளித்தார். அது செல்லும் என்றால் ஹாம்ப்டன்தான் ஆளுநர் என்று ஆகிவிடும். வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது தலைமை நீதிபதி மோசஸ் நோயில் படுத்திருந்தார். பிப்ரவரி 27 அன்று மற்ற இரு நீதிபதிகளான வில்லார்டும் ரைட்டும் விடுதலை உத்தரவில் கையெழுத்திட்டார்கள். இரண்டு நாளில் ரைட் தம் கையெழுத்தைத் திரும்பப் பெற முயன்றார். முதல் பாதியை மட்டும் எழுதினால் அவர் ஹாம்ப்டன் பக்கம் நின்றவர் ஆகிவிடுவார். அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

ஹாம்ப்டன் தரப்புச் சட்டமன்றம் குடிப்பழக்கக் குற்றச்சாட்டைக் கிளப்பிப் பதவிநீக்கத்துக்கு வழிபார்த்தது. ரைட் அதே ஆண்டில் விலகினார். "குடியால் பதவி இழந்தார்" என்று எழுதாமல், குற்றம் சாட்டியவர்கள் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று: தலைமை நீதிபதியாக இருந்த பிராங்க்ளின் மோசஸ் என்பவர் தந்தை; 1872இல் ஆளுநரானவர் அதே பெயருள்ள மகன். பெயரோடு "மூத்தவர்", "இளையவர்" என்று கட்டாயம் சேருங்கள்.