ரத்தத்தில் டோபமின் பார்த்தால் மூளை தெரியுமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. வலது கை நடுங்குகிறது. பாளையங்கோட்டையில் நரம்பியல் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்து, நடக்கச் சொல்லிப் பார்த்து, பார்கின்சன் என்று மாத்திரை எழுதினார். ரத்தப் பரிசோதனை எதுவும் எடுக்கச் சொல்லவில்லை. மூளையின் ரசாயனங்களான டோபமின், செரட்டோனின் அளவை ரத்தத்திலேயே பார்ப்பதாக ஒரு லேப் விளம்பரம் போனில் வந்தது. பல்கலைக்கழகங்களில் மூளை ரசாயனத்தை நேரடியாகவே அளக்கிறார்கள் என்கிறான் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கும் என் தம்பி. அப்பாவுக்கு எடுக்கலாமா, டாக்டர்?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் அப்பாவுக்குப் பின்பக்கம் வார் வைத்த, வழுக்காத செருப்பு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

ரத்தத்தில் டோபமின் இருப்பது உண்மைதான். ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு, டோபமின் அதைத் தாண்டாது. செரட்டோனினும் அப்படியே, உடம்பில் உள்ளதில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில் இருக்கிறது. லேப் தரும் எண் சரியாகவே இருக்கலாம். அது மூளையின் எண் அல்ல, அவ்வளவுதான்.

தம்பி சொன்னதும் சரி. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர் ரால்ப் ஆடம்ஸ் 1973-இல் எலியின் மூளைக்குள் கார்பன் மின்முனையை வைத்துப் பார்த்தார். ஆரம்பத்தில் கிடைத்த சிக்னல் பெரும்பாலும் வைட்டமின் சி-யுடையது! மூளையில் அது டோபமினைவிட மிக அதிகம். இன்று தலைமுடியைவிட மெல்லிய, சுமார் 7 மைக்ரான் கார்பன் இழையை இறக்கி, மின்னழுத்தத்தை விநாடிக்கு 10 தடவை ஏற்றி இறக்குகிறார்கள். இழையில் படும் டோபமின் எலக்ட்ரான்களை இழக்கும். அப்போது ஓடும் மின்னோட்டத்தின் வடிவத்தை வைத்து, வந்தது டோபமின்தானா என்று கண்டுபிடிப்பார்கள். இவ்வளவு செய்தும் இந்த முறை காட்டுவது விநாடிக்கு விநாடி ஏற்படும் ஏற்ற இறக்கத்தை. மொத்த இருப்பை அல்ல. மனிதர்களிடம் செய்ததும் வேறு காரணத்துக்காக மூளை அறுவை சிகிச்சைக்கு வந்து, சம்மதம் தந்த சிலரிடம் மட்டுமே.

அப்படியானால் அப்பாவின் மாத்திரை எந்த நம்பிக்கையில்? 1960-இல் வியன்னாவில் ஹார்னிகீவிச் குழு, பார்கின்சனால் இறந்தவர்களின் மூளையைச் சோதித்து, குறிப்பிட்ட பகுதிகளில் டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டியது. டோபமினைக் கொடுத்தால் தடுப்பைத் தாண்டாது. அதன் மூலப்பொருளான லெவோடோபா தாண்டும். அதுதான் மாத்திரையில் இருக்கிறது. அந்த டாக்டர் செய்த முறையிலும் குறையில்லை. மணிக்கட்டின் விறைப்பு, நடக்கும்போது வீசாத கை, அப்புறம் மாத்திரைக்குக் கிடைக்கும் பலன், இவைதான் இந்த நோய்க்கு முக்கியமான பரிசோதனை.

நீங்கள் கவனிக்க வேண்டியது சாப்பாட்டு நேரம். பருப்பு, முட்டை, மீனில் உள்ள புரதம் லெவோடோபாவோடு போட்டி போடும். சொதிச் சாப்பாடு தாராளமாகப் போடுங்கள். மாத்திரை மட்டும் அதற்கு அரை மணி நேரம் முன்பே உள்ளே போகட்டும். வயிற்றைப் புரட்டினால் இரண்டு ரஸ்க் சேர்த்துக் கொடுக்கலாம். பூனைக்காலி விதைப் பொடியை யாராவது சிபாரிசு செய்வார்கள். அதிலும் லெவோடோபா இருக்கிறது. மாத்திரையோடு சேர்ந்தால் அளவு கூடிவிடும்.

இன்னொன்று. தலைச்சுற்றலுக்கு சின்னரிசின், வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு என்று அப்பா மாதக்கணக்கில் ஏதாவது போட்டு வந்தாரா? அவையே இதுபோன்ற நடுக்கத்தைக் கொண்டுவரக்கூடும். வீட்டில் உள்ள பழைய அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு, அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் காட்டுங்கள். பார்கின்சன் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.