நகையை அடகு வைக்காதீர்கள் ஆச்சி, உங்கள் மகள் ஊர்ச் செய்தி எழுதட்டும்

ஆச்சி, உங்கள் கடிதத்தைப் படித்தேன். பிளஸ் டூ முடித்த மகள் செய்தி வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்கரை, வார்டு கூட்டம் என்று அலைகிறாள். சிங்கப்பூர் அம்மானோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கச் சொல்கிறார். கவலைப்படாதீர்கள் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நகையை அடகு வைத்து அந்த சீட்டை வாங்காதீர்கள். கணக்கென்றாலே ஒதுங்கும் பிள்ளை அங்கே அரியர்தான் எழுதும். அடகு வட்டியை அம்மான் கட்டப்போவதில்லை.

'பத்திரிகை வேலை நம் வீட்டுக்கு ஒத்துவராது' என்கிறீர்கள். 1920-இலேயே காரைக்குடியிலிருந்து 'தனவைசிய ஊழியன்' வந்தது, ராய. சொக்கலிங்கம் அதன் ஆசிரியராக இருந்தார். கோட்டையூர்க்காரர் ஏ.கே. செட்டியார் ரங்கூனில் 'தனவணிகன்' இதழுக்கு ஆசிரியர். கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்குப் போன ஊரிலும் பத்திரிகை நடத்தியவர்கள் நம் நகரத்தார்.

டாக்டர், சி.ஏ., வங்கித் தேர்வு பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆள் உண்டு. நான் உங்கள் மகள் தொட்டிருப்பதைப் பற்றிப் பேசுகிறேன். 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூரும் கண்டனூரும் அதில் சேர்ந்தன. வீட்டு வரி ஏறுமா, குப்பை வண்டி எந்தத் தெருவுக்கு வரும் என்று தெருத்தெருவாகச் சொல்ல நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் இடம் கிடையாது. வாட்ஸ்அப்பில் வருவது பாதி வதந்தி. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் சொந்தக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருந்துகொண்டு, ஊரில் என்ன நடக்கிறது என்று தினம் யாரிடமாவது கேட்கிறார்கள். நம்பகமான செய்திக்கு மாதச் சந்தா கட்டக்கூடியவர்கள் அவர்கள்தான் என்பது என் கணிப்பு. உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடத்தில் 2002-இல் கிராமத்துப் பெண்கள் தொடங்கிய 'கபர் லஹரியா' என்ற செய்தித்தாள் அச்சிலிருந்து வீடியோவுக்கு மாறி இன்றும் நடக்கிறது.

ஊருணியில் தண்ணீர் நிற்கவில்லை என்று அவள் வீடியோ போட்டிருக்கிறாள் அல்லவா? அது தொடக்கம்தான். அடுத்து, ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை நடந்தே பார்க்க வேண்டும். கிராம வரைபடத்தையும், எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் 'அ' பதிவேட்டையும் ஒப்பிட்டு, வாய்க்கால் எங்கே மறிக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். தூர்வார எவ்வளவு செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். அதிகாரியிடமும், மறித்தவரிடமும் கேட்ட பிறகே வெளியிட வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக வைத்திருக்கிறது, அதனால் கையில் தாள் இல்லாமல் யார் பெயரையும் எழுதக் கூடாது. இதையெல்லாம் பழகிய பெண்ணுக்கு ஒரு காலர் மைக், ஒரு டிரைபாட் போதும்.

பணம் பற்றிப் பூசி மெழுக மாட்டேன். யூடியூப் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும் ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். அதைத் தாண்டினாலும் சின்ன ஊர் பார்வையில் குடும்பம் ஓடாது. சந்தா, நகைக்கடை ஜவுளிக்கடை விளம்பரம், எடிட்டிங் வேலை எல்லாம் சேர்ந்தால்தான் வருமானம். முதல் இரண்டு வருஷம் சம்பளத்தை எதிர்பார்க்காதீர்கள். வேட்பாளரிடமோ கான்ட்ராக்டரிடமோ செய்திக்குக் காசு வாங்கினால் அன்றோடு அவள் பெயர் போச்சு.

அதற்காக லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் மீடியா கோர்ஸில் சேர்க்க ஓடாதீர்கள், அதையும் நான் ஒப்ப மாட்டேன். அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் அவளுக்குப் பிடித்த பட்டம் ஒன்றைப் படிக்கட்டும். கட்டணம் குறைவு, வீட்டிலிருந்தே போய் வரலாம், மாலையில் செய்தி சேகரிக்கலாம். இதழியலை முதுகலையில் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மானிடம் நீங்களே பேசுங்கள், பிள்ளையைப் பேசவிட வேண்டாம். பொறியியல் கல்லூரிக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டீர்களா என்பதை மட்டும் நாளைக்கே சொல்லுங்கள். கட்டியிருந்தால் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தை நாம் சேர்ந்தே எழுதலாம்.