முதியோர் பிசியோதெரபி: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

கேள்வி (பிபிடி எனும் பிசியோதெரபி இளநிலைப் படிப்பின் இறுதியாண்டு மாணவி): முதியோர் சிகிச்சையில் தனித் தேர்ச்சி பெற எங்கே படிக்கலாம், மேடம்?

பதில்: எம்பிடி என்ற முதுநிலைப் படிப்பில் நம் கல்லூரிகள் பெரும்பாலும் எலும்பு மூட்டு, நரம்பியல், இதயம் நுரையீரல், விளையாட்டு என்றுதான் பிரிவு வைத்திருக்கின்றன, அம்மா. நரம்பியல் எடுத்தாலும் பரவாயில்லை, முதியவர்களோடு எத்தனை மணி நேரம் இருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சிறப்புத் தேர்வு உண்டு. ரெசிடென்சி என்ற மேற்பயிற்சியை முடிக்காதவர்கள் அதை எழுத, முதியோருக்கு 2,000 மணி நேரம் நேரடி சிகிச்சை அளித்திருக்க வேண்டும். இங்கே, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978லேயே டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் 2024 முதல் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை இயங்குகிறது. இன்டர்ன்ஷிப்பில் அப்படி ஒரு வார்டில் போஸ்டிங் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (கிளினிக் நடத்துபவர்): 85 வயதுப் பாட்டிக்கு வெயிட் கட்டிப் பயிற்சி கொடுக்கப் பயமாக இருக்கிறது.

பதில்: எனக்கும் இருந்தது. பல வருடம் ஒத்தடம், ஐஎஃப்டி (வலி குறைக்கும் மின் சிகிச்சை), படுத்தபடியே காலைத் தூக்குவது என்று கொடுத்து அனுப்பிவிட்டேன். வலி குறைந்தது, ஆனால் நாற்காலியிலிருந்து எழ இன்னொருவர் கை தேவைப்பட்டது. அந்தப் பாட்டிகளுக்கு நான் செய்த குறை அது. 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வைத் தேடிப் படியுங்கள். போஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி 90 வயதானவர்களுக்கு எட்டு வாரம் கடுமையான பளுப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. உங்கள் பாட்டி எவ்வளவு தூக்குவார் என்று முதலில் அளந்து, அதற்கேற்ற பளுவில் ஆரம்பித்து, வாரம்தோறும் ஏற்றுங்கள். அதற்கு முன் படுத்த நிலையில் பிபி பாருங்கள், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 இறங்கினால் முதலில் டாக்டரிடம் பேசுங்கள்.

கேள்வி: விழுந்துவிடுவார்களா என்று எப்படிக் கணிப்பது?

பதில்: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை. அப்புறம், நம் ஊரில் இது மட்டும் போதாது. தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா, வீட்டில் எந்த மாதிரிக் கழிப்பறை, இரவில் அங்கே போக விளக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கேள்வி: மாத்திரை பற்றி விசாரிப்பது நம் வேலையா?

பதில்: மாற்றுவது நம் வேலையில்லை, கேட்பது நம் வேலைதான். தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு இரவில் எழுந்து தடுமாறுகிறவருக்கு முழங்கால் பயிற்சி மட்டும் கொடுத்து என்ன பயன்? மாத்திரைப் பையை அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள்.