சொந்த முதலில் சோப்புத் தொழில்

கேள்வி: ஐயா, வீட்டில் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். 80,000 ரூபாய் சேமிப்பு இருக்கிறது. கடன் வாங்கவோ கூட்டாளி சேர்க்கவோ மனமில்லை. சோப்பு, ஷாம்பு, முகப்பூச்சு, கூந்தல் தைலம் உட்பட ஆறு பொருள்களுடன் தொடங்கலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: வேண்டாம். ஆறு பொருள்கள் என்றால் ஆறு வகை மூலப்பொருள், ஆறு வகை டப்பா, லேபிள் என்று உங்கள் பணம் முழுவதும் விற்பனைக்கு முன்பே அலமாரியில் முடங்கிவிடும். கடன் வாங்காமல் தொழில் செய்பவர் கவனிக்க வேண்டியது, போட்ட பணம் எவ்வளவு விரைவில் திரும்புகிறது என்பதைத்தான். காய்ச்சாமல் செய்யும் சோப்பு அச்சில் வார்த்தபின் நான்கு முதல் ஆறு வாரங்கள் உலர வேண்டும். அதன்மேல் கடைக்காரர் ஒரு மாதத் தவணை கேட்டால், இன்று வாங்கிய எண்ணெயின் விலை உங்கள் கைக்கு வர இரண்டரை மாதம் ஆகிவிடும். எனவே, சோப்பு ஒன்றை மட்டும் செய்து, முதல் ஆண்டில் ரொக்கத்துக்கு மட்டுமே விற்றுப் பாருங்கள்.

கெவின்கேர் நிறுவனர், கடலூரைச் சேர்ந்த சி.கே.ரங்கநாதன், குடும்பத் தொழிலிலிருந்து விலகி 1983-இல் 15,000 ரூபாயுடன் தனியே தொடங்கியபோது, அவரிடம் இருந்தது சிறு பாக்கெட்டில் அடைத்த சிக் ஷாம்பு ஒன்றுதான். எந்த நிறுவனத்தின் ஷாம்பு பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து காலிப் பாக்கெட்டுகளைக் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார். சில மாதங்கள் கழித்து, சிக்கின் காலிப் பாக்கெட்டுக்கு மட்டுமே இலவசம் என்று மாற்றினார். காலிப் பாக்கெட் கொண்டுவருபவர் ஏற்கெனவே காசு கொடுத்து ஷாம்பு வாங்குபவர் என்பதால், இலவசமாகப் போன சரக்கு ஒன்றும் வீணான கையில் சேரவில்லை. கண்காட்சியில் வருவோர் போவோருக்கெல்லாம் மாதிரிச் சோப்பு நீட்டுபவர்கள் இதை யோசிப்பதில்லை.

உரிமச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, விற்பனைக்காகக் குளியல் சோப்பு தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். அதற்குச் சமையலறை போதாது, தனி இடம் தேவை. உரிமம் பெற்ற ஓர் ஆலையில் உங்கள் பெயரில் தயாரிக்க வழிசெய்யும் லோன் லைசென்ஸும் உண்டு. இடத்துக்கும் இயந்திரத்துக்கும் செலவு மிச்சம் என்றாலும், ஆலை கேட்கும் குறைந்தபட்ச அளவு உங்களால் மூன்று மாதத்தில் விற்கக்கூடியதா என்று பார்த்த பிறகே ஒப்பந்தம் போடுங்கள்.

கேள்வி: எங்கள் கூந்தல் தைல லேபிளில் “முடி உதிர்வைக் குணப்படுத்தும்” என்று அச்சிடலாமா?
– வாசகர், தேனி

பதில்: அழகுசாதன உரிமத்தை வைத்துக்கொண்டு அச்சிடக் கூடாது. குணப்படுத்தும் என்று சொன்ன உடனே அது மருந்தாகிவிடும். அதற்கு ஆயுர்வேத அல்லது சித்த மருந்துத் தயாரிப்பு உரிமம் தனியே பெற வேண்டும். அச்சடித்த லேபிள்கள் இருந்தால் ஒட்டாதீர்கள்.